பத்து வரை எண்ணியவர்

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் முழங்காலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிடுவீர்கள் என்பதால் கேட்கவில்லை. இங்கே எல்லோரும் சௌக்கியம். என் தையல் மெஷினுக்குத்தான் உடம்பு சரியில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் பார்த்து நூலை அறுத்து அறுத்துப் போடுகிறது. நாற்பது சீருடை இன்னும் பாக்கி. தைத்து முடிப்பதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடாமல் இருந்தால் சரி.

போன மாதம் நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. உங்கள் அண்ணன் போன நாளுக்கு வருஷா வருஷம் தவறாமல் எழுதுகிறீர்கள். இதோடு முப்பது கடிதம். அவருக்குக் கூடப் பிறந்த தம்பி இருந்திருந்தால்கூட இப்படி எழுதியிருப்பானா, சந்தேகம்தான். அவரோடு ஸ்டண்ட் வேலை பார்த்து, படப்பிடிப்பில் வெடிக்குப் பக்கத்திலேயே நின்று நின்று நீங்கள் காதைத் தொலைத்தீர்கள். போனில் கத்திக் கத்தி என் தொண்டை போவதற்குப் பதில் எனக்கும் கடிதம் எழுதுகிற பழக்கம் வந்தது. அதுவும் நல்லதுக்குத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் மருமகன் ஒரு டிஸ்க் வாங்கி வந்தார். மருந்துக்கடையை மூடிவிட்டு வருகிற மனுஷர், அன்றைக்கு சின்னப் பிள்ளை மாதிரி வாசலிலேயே கூப்பிட்டார். “அத்தை, இங்க வாங்களேன்! நான் ஸ்கூல்ல படிக்கறப்போ எட்டு தடவை பார்த்த படம். ஒரிஜினல் நெகட்டிவைத் தேடி எடுத்து, கீறல், தூசி எல்லாம் கழுவி, ஓரத்தை வெட்டாம முழுசாப் போட்டிருக்காங்க. நேத்து எடுத்த மாதிரி இருக்குமாம்.”

உறையில் கதாநாயகன் நாலாவது மாடியிலிருந்து பாய்கிற படம். அது கதாநாயகன் இல்லை என்பது எனக்கும் உங்களுக்கும் தெரியும். அந்தச் சட்டையின் முதுகுத் தையல் என்னுடையது. அதற்குள் இருக்கிற முதுகு உங்கள் அண்ணனுடையது.

மகள்தான் வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். “இது எங்கப்பா டூப் போட்ட படம். குடிச்சிட்டுக் குதிச்சுச் செத்துப்போன படம். இந்த வீட்டுல இதைப் போடாதீங்க.” அவ்வளவுதான், உள்ளே போய்விட்டாள். பாவம், மருமகனுக்கு முகம் செத்துவிட்டது. மாமனார் விபத்தில் போனார் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் குடிக்க மாட்டேன் என்று மகள் அவரிடம் எழுதி வாங்காத குறைதான், அது ஏன் என்று இப்போதுதான் புரிந்திருக்கும்.

எனக்கு மட்டும் என்ன, தம்பி? முப்பது வருஷமாக நான் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. பயம் பாதி, கோபம் பாதி. இனிமேல் தொட மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் செய்துவிட்டு, படப்பிடிப்பில் போய்க் குடித்துவிட்டு மாடியேறினாரே, அந்தக் கோபம் இன்னும் ஒரு துளி குறையவில்லை. அவர் போட்டோ இன்றைக்கும் பீரோவில் துணிகளுக்கு அடியில்தான் கிடக்கிறது.

ஆனாலும் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. எனக்கு அறுபத்திரண்டு. கண்ணில் புரை வளருகிறது என்கிறார் டாக்டர். மூடுவதற்குள் ஒரு தரம் அந்த முதுகைப் பார்த்துவிடலாமே என்று தோன்றுகிறது. நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் தைரியமாக இருக்கும். எந்த இடத்தில் குதிக்கிறார் என்று உங்களுக்குத்தான் தெரியும். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள், மூடிக்கொள்கிறேன். வருவீர்களா?

அன்புடன்,
அண்ணி


ஜூன் 14

அன்புள்ள அண்ணிக்கு,

பெட்டி அடுக்கியே பெயரும் பெட்டி ஆகிப்போன தம்பியின் வணக்கம். முழங்காலைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் நான் சொல்லாமல் விடுவேனா? இடது முழங்கால் போன வருஷத்தோடு ஓய்வு வாங்கிவிட்டது. வலது கால் தனியாக வேலை பார்க்கிறது. மகன் வீட்டில் எனக்கு மாடியறை. ஒரு நாளைக்கு ஒரு தரம் இறங்கி ஒரு தரம் ஏறுகிறேன். இந்த லட்சணத்தில் பஸ் ஏறி எங்கே வருவது?

பக்கத்துக் கிடங்கில் காவல் வேலை என்று எழுதியிருந்தேன் அல்லவா, அங்கே சுற்றிலும் அட்டைப்பெட்டிதான். நான் பெட்டியை விட்டு வந்தாலும் பெட்டி என்னை விடவில்லை. அங்கிருக்கிற பையன்கள் பெட்டியை இறுக்கி ஒட்டி அடுக்குகிறார்கள். பார்க்கும்போது கை பரபரக்கிறது. நாங்கள் அடுக்கினால் மூடியை ஒட்ட மாட்டோம். காலிப் பெட்டி, திறந்த மூடி, மேலே மெத்தை. விழுகிற உடம்புக்கு உள்ளேயிருக்கிற காற்று மெதுவாக வழிவிட வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அண்ணன் வீட்டில் தலையணையை வைத்துச் செய்து காட்டுவான்.

அண்ணி, நான் சொல்வதைக் கேளுங்கள். அந்தப் படத்தைப் பார்க்க வேண்டாம். ஆறிப்போன புண்ணை ஏன் கிளற வேண்டும்? பழைய படம், கதையும் ஒன்றும் பிரமாதமில்லை. கழுவிப் போட்டால் மட்டும் நல்ல படம் ஆகிவிடுமா? பார்த்தே தீருவேன் என்றால் கண்ணாடிக் கடைச் சண்டை வந்ததும் எழுந்து போய்விடுங்கள். அதற்குப் பிறகு உங்களுக்கு அங்கே எதுவும் இல்லை.

மகளையும் மருமகனையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். மெஷினுக்கு எண்ணெய் போட்டீர்களா? பாபினில் நூல் துணுக்கு சிக்கியிருக்கும், பாருங்கள்.

உங்கள் அன்புத் தம்பி,
பெட்டி


ஜூன் 23

அன்புள்ள தம்பிக்கு,

நூல் துணுக்குதான் சிக்கியிருந்தது. எடுத்துவிட்டேன், ஓடுகிறது.

படத்தைப் பார்த்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மகள் விடைத்தாள் கட்டோடு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மருமகன் சன்னலுக்குத் திரை போட்டு, எனக்கு நாற்காலியை டி.வி.க்கு எதிரில் போட்டார். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கதாநாயகன் சட்டைக் காலரில் நான் போட்ட தையல்கூடத் தெரிகிறது. வில்லனுடைய ஒட்டுமீசையில் பசை தெரிகிறது! “என்னங்க மாப்பிள்ளை, இவ்வளவு கழுவியிருக்க வேண்டாமே” என்றேன். அவரும் சிரித்தார்.

கண்ணாடிக் கடைச் சண்டை வந்தது. எழுந்திருக்கத்தான் நினைத்தேன். நாற்காலிக் கையைப் பிடித்தும்விட்டேன். ஆனால் அதற்குள் கதாநாயகன் தெருவில் நின்று வில்லனிடம் வசனம் பேசுகிற காட்சி வந்துவிட்டது. அவர் தலைக்குப் பின்னால் அந்த நாலு மாடிக் கட்டடம். மொட்டைமாடி விளிம்பில் ஒரு சின்ன உருவம்.

தம்பி, அது உங்கள் அண்ணன்.

அடுத்த காட்சிக்குத் தயாராக மேலே நின்றுகொண்டிருக்கிறார். கேமரா அவரையும் சேர்த்துப் பிடித்திருப்பது யாருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. பழைய கேசட்டில் அந்த இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளிதான் இருக்குமாம், மருமகன் சொன்னார். இப்போது சட்டை நிறம் தெரிகிறது. ஒற்றைக்காலில் நிற்பது தெரிகிறது.

அந்தப் பழக்கம் உங்களைவிட யாருக்குத் தெரியும்? எந்த உயரமானாலும் முதலில் ஒற்றைக்கால், கண்ணை மூடி, பத்து எண்ணும்வரை. கால் தரையில் பட்டால் அன்றைக்குக் குதிக்க மாட்டார். வீட்டில் பல் தேய்க்கும்போதுகூட அப்படித்தான் நிற்பார். நாலு வயதில் மகள் அவரைப் பார்த்து அதே மாதிரி நின்று தண்ணீர் வாளிக்குள் விழுந்தாள். குடித்த நாளில் மூன்று எண்ணுவதற்குள் கால் இறங்கிவிடும், நானே பார்த்திருக்கிறேன்.

மருமகனைத் திருப்பிப் போடச் சொன்னேன். நான் எண்ணினேன். மறுபடி போடச் சொன்னேன். ஒன்பது வரை நிற்கிறார். ஆடவில்லை, அசையவில்லை. ஒன்பதில் காட்சி மாறிவிடுகிறது.

நான் சத்தமாக எண்ணியது கேட்டு மகள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். “என்னம்மா எண்ணறே?” என்றாள். திரையைக் காட்டினேன். வெகுநேரம் நின்று பார்த்தாள். “அப்பாவா அது? இவ்ளோ ஒல்லியாவா இருந்தார்?” என்றுதான் கேட்டாள். அவளுக்கு இப்போது வயது முப்பத்து நான்கு. அவருக்கு அப்போது முப்பத்து மூன்று.

குதித்ததையும் பார்த்தேன். விழுவதற்கு முன்பே வெட்டிவிட்டார்கள்.

கீழே நின்று எண்ணுகிறவர் நீங்கள்தானே, தம்பி? அப்போதெல்லாம் பேச்சைப் பிறகுதான் பதிவு செய்வார்கள், அதனால் நீங்கள் கத்தி எண்ணியது படத்தில் இல்லை. நீங்களே சொல்லுங்கள். பத்தும் எண்ணினீர்களா? குடித்தவரால் அப்படி நிற்க முடியுமா?

உடனே எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணி


ஜூலை 1

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கண்டேன். ரொம்ப வருஷமாகிவிட்டது. எனக்குச் சரியாக ஞாபகமில்லை. கம்ப்யூட்டரில் கழுவும்போது இல்லாததையும் இருக்கிற மாதிரி ஆக்கிவிடுவார்கள் என்று என் மகன் சொல்கிறான். தூரத்து உருவத்தை வைத்து எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. நீங்கள் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கண் ஆபரேஷனைத் தள்ளிப் போட வேண்டாம்.

பெட்டி


ஜூலை 9

தம்பிக்கு,

உங்கள் கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கையெழுத்து கோணிக்கொண்டு போகிறது. முப்பது வருஷமாக உங்கள் எழுத்தைப் பார்க்கிறவள் நான், என்னிடமே மறைக்கிறீர்களே.

இருப்பதைத் துடைத்துக் காட்டுகிறார்களே தவிர இல்லாத காலைக் கொண்டுவந்து யாரும் ஒட்டவில்லை. மருமகன் சொல்லிவிட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய் டி.வி. முன்னால் உட்கார்ந்தேன். மருமகன் படத்தை நிறுத்தி நிறுத்திப் போட்டார். மகள் ஒரு தாளில் கணக்கு எழுதினாள். அறிவியல் டீச்சர் அல்லவா, அவளுக்குத்தான் அந்தப் பொறுமை உண்டு.

கதாநாயகன் வசனம் பேசுகிற காட்சியில் திரையின் ஓரத்தில், தள்ளுவண்டிக்குப் பின்னால், உங்கள் பெட்டிகள் தெரிகின்றன. கட்டடத்துக் கதவை ஒட்டிய சுவரிலிருந்து விளக்குக்கம்பம் வரை. கடைசி வரிசை கம்பத்தை ஒட்டி இருக்கிறது. அடுத்து அவர் குதிக்கிற காட்சி. அதே கம்பம், அதே கதவு. முன்பு இந்த ஓரத்தை வெட்டியிருந்தார்கள், இப்போது முழுசாக இருக்கிறது. கம்பம் தனியாக நிற்கிறது. ஒரு பெட்டி முனை தெரிகிறது, கம்பத்துக்கு இப்பால். கதவின் அகலத்தை வைத்து அளந்து பார்த்தேன். சரியாக ஒரு பெட்டி அகலம் குறைகிறது. நாற்பத்தைந்து வருஷமாகத் துணியை அளக்கிற கை இது. கால் அங்குலம்கூடத் தப்பாது.

அவர் வீட்டில் அடிக்கடி சொல்வார். “நான் மேலேருந்து ஒருதரம் பார்த்துட்டேன்னா அதுக்கப்புறம் பெட்டியை யாரும் தொடக்கூடாது. தொட்டா, நம்ம பெட்டிப் பய படியேறி வந்து என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும். கையைக் காட்டறது, கத்தறது, அதெல்லாம் கிடையாது.” உங்களை நம்பித்தான் சொன்னார். நீங்கள் அன்றைக்குப் படியேறிப் போனீர்களா?

இதுவரை யாரிடமும் சொல்லாததை இப்போது உங்களிடம் சொல்கிறேன். நான் ஏன் இப்படிக் கேட்கிறேன் என்று அப்போதுதான் புரியும். அன்றைக்குக் காலையில் எங்களுக்குள் சண்டை. முந்தின நாள் குடித்துவிட்டு வந்திருந்தார். இனிமேல் இல்லை, இதுதான் கடைசி என்று வழக்கமான பாட்டு. செருப்பு மாட்டும்போது நான் வாசலில் நின்று சொன்னேன். “இன்னைக்கும் குடிச்சிட்டுத்தானே ஏறப்போறே? போ. போய்ச் சாவு.” நான் அவரிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான். குடித்துவிட்டு ஏறினார் என்று உங்கள் படக் கம்பெனி மேலாளர் வந்து சொன்னபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது. கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. நான் சொன்னதால் இல்லை, குடித்ததால்தான் போனார் என்று நினைத்துக்கொண்டேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளையை வளர்த்தேன்.

இரண்டே கேள்வி. அவர் அன்றைக்குக் குடித்திருந்தாரா? பெட்டியை யார் எடுத்தது?

அண்ணி


ஜூலை 25

அன்புள்ள அண்ணிக்கு,

நாலு தரம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதைக் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிடச் சொல்லி மகனைக் கீழே நிற்க வைத்திருக்கிறேன்.

அண்ணன் அன்றைக்குக் குடிக்கவில்லை. பெட்டியை எடுத்தது நான்தான்.

முழுசாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் கடைச் சண்டை முடிந்து தெருவில் வேலை. அண்ணன் மேலே ஏறிப் போனான். பூனை என்று அவனுக்குப் பெயர் வைத்தவனே நான்தான், எங்கிருந்து விழுந்தாலும் காலில் நிற்கிறான் என்று. மேலேயிருந்து பெட்டிகளைப் பார்த்தான். கம்பம் வரை இருக்கிறது, சரி என்றான். ஒற்றைக்காலில் நின்றான். நான் கீழேயிருந்து கத்தி எண்ணினேன். பத்தும் எண்ணினேன், அண்ணி. பத்துக்குப் பிறகும் கால் இறக்காமல் நின்று, “இன்னும் எண்ணுடா” என்று சிரித்தான். அந்த நேரத்தில்தான் கதாநாயகன் காட்சியை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவனும் அந்தக் காட்சியில் பதிவாகியிருப்பான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

குதிக்கிற காட்சிக்குக் கேமராவை மாற்றி வைத்ததும் கேமராமேன், “பெட்டி கம்பத்துக்கிட்ட தெரியுது, அந்த வரிசையை எடு” என்றார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. டைரக்டர் கத்திக்கொண்டிருந்தார். எடுத்தேன். எடுத்தால் ஏறிப் போய்ச் சொல்ல வேண்டும். நாலு மாடி. அன்றைக்கு என் முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் போகவில்லை. எப்போதும் நடுவில்தானே விழுவான், ஒரு வரிசை போனால் என்ன என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு நொடிதான். அதற்குள் டைரக்டர் மைக்கில், “இன்னும் கொஞ்சம் தூரமாப் பாய்ப்பா” என்று மேலே சொன்னது எனக்குக் கேட்டது. அப்போதாவது ஓடியிருக்கலாம். வாயைத் திறந்து கத்தியாவது இருக்கலாம். அவன் பாய்ந்துவிட்டான். கம்பம் வரை பெட்டி இருக்கிறதென்று நம்பிப் பாய்ந்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மேலாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். “குடிச்சிருந்தானா?” இல்லை என்றேன். “பெட்டியை எடுத்தது யாரு?” என்று கேட்டுவிட்டு அவரே தொடர்ந்தார். “அதை வெளியே சொன்னா உன்னைத்தான் உள்ளே வைப்பாங்க. அவன் குடிக்கிறவன்னு ஊருக்கே தெரியும். நேத்துக்கூடக் குடிச்சிருக்கான். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், போலீஸ் கேட்டா தலையாட்டு, போதும்.” என் மனைவி அப்போது நிறைமாதம். ஆட்டினேன். வாய் திறந்து பொய் சொல்லவில்லை, தலையைத்தானே ஆட்டினேன் என்று முப்பது வருஷமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. இதை எழுதத்தான் கை வரவில்லை. அன்றைக்குக் காலையில் பெட்டி அடுக்கும்போது உங்கள் சண்டையைப் பற்றி அவனே சொன்னான். “போய்ச் சாவுன்னுட்டாடா” என்று சொல்லிச் சிரித்தான். கோபமே இல்லை, அண்ணி. “அவ கேட்டது நியாயந்தானே? இன்னைக்கு ஒரு சொட்டு தொடல, பார். சாயங்காலம் நேரா வீட்டுக்குப் போய் அவ மூக்குக்கிட்ட ஊதிக் காட்டறேன். ஊதிக் காட்டிட்டு, இப்போ சோறு போடுடின்னு கேப்பேன்.” என் முகத்திலும் ஊதிக் காட்டினான். வெறும் காபி வாசனைதான் வந்தது.

ஒவ்வொரு வருஷமும் இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். ஒவ்வொரு வருஷமும் முழங்காலைப் பற்றி எழுதி முடித்தேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். போலீசில் வந்து எழுதிக் கொடுக்கச் சொன்னால் கொடுக்கிறேன். வந்து உங்கள் வாசலில் நிற்கச் சொன்னால் எப்படியாவது பஸ் ஏறி வந்து நிற்கிறேன். ஒரு வரி எழுதுங்கள், அண்ணி.

பெட்டி


ஆகஸ்ட் 6

பெட்டிக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை மகள்தான் படித்துக் காட்டினாள். எனக்கு எழுத்து மங்கலாகத் தெரிந்தது, புரையா கண்ணீரா தெரியவில்லை. ஊதிக் காட்டுகிற இடம் வந்ததும் அவளாலும் படிக்க முடியவில்லை. மீதியை மருமகன் படித்தார்.

ஒரு வரிசைப் பெட்டியை எடுத்ததற்காக நான் உங்களைத் திட்டப் போவதில்லை. வேலையில் அவசரம், நினைப்பில் ஒரு பிசகு. யாருக்கும் வரலாம். நானே ஒரு தரம் தப்பாக வெட்டி ஒருவருடைய கல்யாணக் கோட்டைப் பாழாக்கியிருக்கிறேன். அந்த வராந்தாவில் தலையாட்டியதைக்கூட என்றைக்காவது ஒருநாள் மறந்துவிடுவேனோ என்னவோ. பயந்துவிட்டீர்கள், வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி.

ஆனால் “ஊதிக் காட்டறேன்” என்று எனக்காகச் சொன்னாரே, அது என்னுடையது. அதை எப்படி நீங்கள் வைத்துக்கொண்டீர்கள்? அவர் கோபப்படவில்லை, சிரித்தார் என்ற ஒரு செய்தியை? முப்பது கடிதம் எழுதினீர்களே, ஒன்றிலாவது அதை ஒரு ஓரத்தில் எழுதியிருக்கக் கூடாதா? உங்கள் தப்பைச் சொல்ல வேண்டாம், பெட்டியைப் பற்றி மூச்சு விட வேண்டாம். அவர் சிரித்தார் என்று மட்டும் எழுதியிருந்தால் போதுமே, நான் எத்தனை நாள் தூங்கியிருப்பேன்! என் பிள்ளை அப்பாவை வெறுக்காமல் வளர்ந்திருப்பாள்.

போய்ச் சாவு என்று ஒரு குடிகாரரிடம் சொன்னதாக நினைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் இருந்தேன். இனிமேல் குடிக்காத மனுஷரிடம் சொன்னவளாக இருக்க வேண்டும். அறுபத்திரண்டு வயதில் இதை முதலிலிருந்து பழக வேண்டும்.

போலீசுக்கு வேண்டாம். வாசலில் வந்து நிற்கவும் வேண்டாம், எனக்குப் பார்க்க மனசில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். பத்து வரை எண்ணியதையும் ஊதிக் காட்டியதையும் தனியாக ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, என் மகள் பெயருக்கு அனுப்புங்கள். அவள் கேட்டாள். போட்டோவோடு சேர்த்து வைத்துக்கொள்வாளாம். போட்டோ இப்போது கூடத்தில் இருக்கிறது.

அதற்குப் பிறகு எழுத வேண்டாம். அடுத்த வருஷம் அந்த நாளிலும் எழுத வேண்டாம். உங்கள் முப்பது கடிதங்களையும் இத்துடன் கட்டி அனுப்பியிருக்கிறேன். எல்லாவற்றையும் நேற்று மறுபடி பார்த்தேன். உண்மையிலேயே முழங்கால்தான் இருக்கிறது. வலிக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

தினமும் சாயங்காலம் மருமகன் கடையிலிருந்து வந்ததும் அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டுகிறார். கதாநாயகன் பேசிக்கொண்டிருக்கிறார், அதை நாங்கள் யாரும் கேட்பதில்லை. பின்னால் மாடியில் என் வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நிற்கிறார். நானும் மகளும் எண்ணுகிறோம். ஒன்பதில் காட்சி மாறிவிடுகிறது. மருமகன் உடனே நிறுத்திவிடுகிறார், குதிக்கும் வரை நாங்கள் விடுவதில்லை.

அந்தப் பத்தாவது எண் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதை நீங்கள் மட்டும்தான் எண்ணியிருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
பூனையின் மனைவி